வீட்டுத் தோட்டம் ஏன் சுணங்குகிறது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் வீடு கட்டிக்கொண்டு, சுற்றிலும் விட்ட இடத்தில் தோட்டம் போட்டவர்களையும் போட நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையையும் அதன் புறநகரையும் சேர்ந்தவை; கோவைப் பக்கத்துக் கரிசல் நிலத்துக்கு வழிமுறை மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

செடி சுணங்கியதும் உர மூட்டையைத் தேடுவது பலருடைய வழக்கம். கோளாறை ஆராயவேண்டிய வரிசை அதுவன்று. தண்ணீர் வடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து வெயில் போதுமான நேரம் விழுகிறதா, அதன்பின் வேர் இறங்கும் அளவுக்கு மண் இளக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்துக் குறைபாட்டை இவை மூன்றுக்கும் பிறகே சந்தேகிக்கலாம். முன்னது சரியில்லாதபோது பின்னதற்குச் செய்யும் செலவு முழுவதும் வீண் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முதலில் செய்து வைக்கவேண்டிய சோதனைகள்

கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்தச் சோதனைகளின் முடிவு தேவைப்படும். ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழி ஒன்றைத் தோண்டி, தண்ணீர் நிரப்பி முழுவதும் வடியவிடுங்கள். உடனே மறுபடியும் நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு அது போதும். நிரப்ப நிரப்ப உறிஞ்சிக்கொண்டால் உங்களுடையது மணற்பாங்கான நிலம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் இதுவே இயல்பு. மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால் களிமண்ணோ, இறுகிய படலமோ, இரண்டுமோ இருக்கின்றன.

இரண்டாவது சோதனைக்கு ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டி வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களிலேயே அடியில் படிந்துவிடும்; வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும்; களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மூன்று அடுக்குகளின் உயரத்தை ஒப்பிட்டாலே மண்ணின் இயல்பு தெரிந்துவிடும். மூன்றாவதாக, ஈரமான மண்ணில் ஒரு கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள்; ஓரடிகூட இறங்காமல் முட்டி நின்றால் வேருக்கும் அதுவே எல்லை. கடைசியாக, உலர்ந்த மண் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறது என்று பொருள்.

மழை விட்டு ஒரு நாள் ஆகியும் தண்ணீர் தேங்கி நிற்கிறது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இது வெளிப்படும் என்பதால், தோட்டம் போடுவதற்கு முன் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையையாவது அந்த மனையில் நின்று பார்ப்பது நல்லது. 1000 சதுர அடி மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9300 லிட்டர் தண்ணீர் குழாய் வழியாக இறங்கும். சென்னையில் ஒரே நாளில் அந்த அளவு பெய்வது அரிதன்று. அத்தனை தண்ணீரும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தீர்மானிக்காமல் வரையப்பட்ட தோட்ட வரைபடம் வெறும் படம் மட்டுமே.

முதலில் தரையின் சரிவைப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாகப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் தாழ்வு இருக்க வேண்டும். மட்டக்குழாய் ஒன்று இருந்தால் இதை நீங்களே அளந்துவிடலாம். சரிவு வீட்டை நோக்கி இருந்தால் வேறு எதையும் தொடுமுன் அதைத் திருத்துங்கள், ஏனெனில் அது செடிக்கு மட்டுமன்றி அடித்தளத்துக்கும் கேடு.

சரிவு சரியாக இருந்தும் நீர் நின்றால், மாடிக் குழாய் முடியும் இடத்தைப் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனாலும் கட்டிய பிறகு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத உறிஞ்சு குழிகள் ஏராளம். மேலடுக்கில் உள்ள மணலின்மேல் வண்டலும் சருகும் படிந்தால் குழி அடைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மேல் மணலை வாரி எடுத்துக் கழுவியோ புதிதாகவோ போட வேண்டும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் கோளாறு மண்ணில்தான். புட்டிச் சோதனையில் களி மிகுதி என்று தெரிந்தால், சிறிது மணல் கலந்து சரிசெய்ய முயலாதீர்கள். மண்ணில் ஏறக்குறையப் பாதி அளவுக்கு மணல் சேர்ந்தாலன்றி இளக்கம் வராது, குறைவாகச் சேர்த்தால் கலவை முன்னிலும் இறுகும். களியை இளக்குவது மட்கு ஒன்றே. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் மண்ணைத் திருத்துவதைவிட நடும் மட்டத்தை உயர்த்துவது எளிது: ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து, இடையே வாய்க்கால் விட்டு, அந்த வாய்க்காலைத் தாழ்வான மூலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த மூலையில் ஈரம் தாங்கும் கல்வாழை, சேம்பு ஆகியவற்றை வைத்தால், குறையாக இருந்த இடமே தோட்டத்தின் செழிப்பான பகுதியாகிவிடும்.

ஜிப்சம் போட்டால் எந்தக் களியும் இளகும் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மட்டுமே அது மருந்து. களரா என்பதை மண் பரிசோதனை செய்தே அறிய முடியும்.

நட்டது எதுவும் சாகவும் இல்லை, வளரவும் இல்லை

புது வீடுகளில் நான் மிகுதியாகக் காணும் குறை இது. நட்டபோது இருந்த உயரத்திலேயே கன்று நிற்கிறது. இரண்டு இலை விடுகிறது, ஒன்றை உதிர்க்கிறது. இங்கே உரம் போடுவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். செடியிலிருந்து இரண்டடி தள்ளி ஒன்றரை அடி ஆழம் வெட்டி, குழியின் பக்கச் சுவரைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள். மேலே ஆறு அங்குலம் சிவப்பு மண், அதன்கீழ் செங்கல் துண்டும் ஜல்லியும், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் விரல் தடிமனுக்கு ஒரு படலம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தச் சாம்பல் படலம் கொத்தனார் கலவை போட்ட இடத்தின் எச்சம். சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடும். லாரியும் கலவை இயந்திரமும் நின்ற இடம் தார்ச்சாலை அளவுக்கு இறுகியிருக்கும். செடி மேல் ஆறு அங்குலத்துக்குள்ளேயே வேரைச் சுருட்டிக்கொண்டு உயிர் பிழைக்கிறது, அவ்வளவே.

கலவைப் படலத்தை வெட்டி எடுத்து அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. செங்கல் துண்டுகள் ஓரளவு இருக்கலாம், அவற்றால் பெருந்தீங்கில்லை. பிறகு கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்துவிடுங்கள். இதை ஈரம் அளவாக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்: ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசைந்த மாவைப் போல ஒட்டினால் காத்திருங்கள். ஈரக் களியைக் கிளறினால் காய்ந்தபின் கட்டிகட்டியாகிவிடும்.

தோட்டத்துக்கென்று லாரியில் வரும் மண்ணைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அடித்தளம் நிரப்பக் கொண்டுவரும் சவுடு மண்ணையே பல இடங்களில் தோட்டத்துக்கும் கொட்டிவிடுகிறார்கள். அது மேடு நிரப்ப ஏற்றது. உயிர்ப்பொருள் கிட்டத்தட்ட இல்லாதது. புதிய மண்ணைக் கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் மூன்று அங்குலத்தைப் பழைய மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டு, அதன்மேல் மீதியைப் பரப்புங்கள். கலக்காமல் கொட்டினால் இரண்டு மண்ணுக்கும் இடையிலான எல்லையில் நீரும் நின்றுவிடும், வேரும் நின்றுவிடும்.

மண்ணைப் பெயர்த்தபின் உடனே நடாதீர்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. 100 சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கனத்தில் மட்கிய தொழு உரமோ மட்கோ பரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 17 கன அடி தேவைப்படும். அதை மேல் ஆறு அங்குலத்தில் கலந்து, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதையுங்கள். நீர் தேங்கும் இடத்தையும் ஓரளவு காரத்தையும் அது தாங்கும். நன்கு வடியும் நிலமாக இருந்தால் சணப்பை விதைக்கலாம். 45 நாள் கழித்து, பூ எடுக்கும் தறுவாயில் வெட்டி அங்கேயே மடக்கி விடுங்கள். வேர் போட்ட துளைகளும் மட்கிய தழையும் சேர்ந்து கொடுக்கும் இளக்கத்தைக் கடப்பாரை மட்டும் தந்துவிடாது.

மண் நன்றாக இருந்தும் ஒரே ஒரு கன்று மட்டும் வளராவிட்டால் அதைப் பெயர்த்து வேரைப் பாருங்கள். நர்சரிப் பையில் அதிக நாள் இருந்த கன்றின் வேர் பையின் வடிவத்திலேயே வளையமாகச் சுற்றியிருக்கும். சுற்றிய வேரைக் கத்தரித்துப் பிரித்துவிட்டு, தண்டும் வேரும் சந்திக்கும் இடம் மண்ணுக்குள் புதையாதபடி மீண்டும் நடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதே முதல் கேள்வி. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மட்காத மரத்தூளையோ தென்னை நார்க்கழிவையோ மண்ணில் கலந்திருந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்வதாலும் இது நேரும். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம். முதிர்ந்த இலையின் விளிம்பு மட்டும் காய்ந்தால் சாம்பல்சத்தைச் சந்தேகிக்கலாம். இவை எல்லாம் தொழு உரத்தாலும் அளவான உரத்தாலும் தீர்ந்துவிடும்.

கடினமானது கொழுந்தின் மஞ்சள்தான். இட்லிப்பூச் செடியின் நுனிக்கொழுந்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: இலைப்பரப்பு எலுமிச்சை நிறத்தில் வெளுத்திருக்க, நரம்புகள் மட்டும் பச்சை மையால் வரைந்த வலைபோல் தெரியும், அதே கிளையில் நான்கு கணு கீழே உள்ள இலை முழுப் பச்சையாக இருக்கும். செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை ஆகியவற்றிலும் இதைக் காணலாம். இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளன்று. காரம் மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் முடங்கிவிடுகிறது. கோவைப் பகுதியின் சுண்ணாம்புக் கரிசலில் இது இயற்கையாகவே நேர்கிறது. சென்னையில் சுவரை ஒட்டிய ஓரடி அகலப் பாத்தியில், பூச்சுவேலையின் சிமெண்டு உதிர்ந்து கலந்த இடத்தில் நேர்கிறது. வேர் எப்போதும் நனைந்து கிடந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஆகவே தண்ணீர் தேங்குவது என்ற முதல் அறிகுறியைச் சரிபார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

இத்தகைய மண்ணில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை வேரில் போட்டால் அதுவும் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை நேரத்தில் இலைகள் நனையத் தெளியுங்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும். கரைசல் பட்ட சுவரிலும் தரையிலும் துருக்கறை ஏறும் என்பதால் கவனம் தேவை. கடையில் இரும்புக் கூட்டுச்சேர்மம் (கீலேட்) வாங்கி மண்ணில் இடுவதானால், ஈ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் சோதனையில் மண் பலமாக நுரைத்திருந்தால், ஆண்டுக்கணக்கில் இட்லிப்பூவோடு போராடுவதைவிட அந்தப் பாத்தியில் அரளி, காகிதப்பூ போன்ற தாங்கும் செடிகளை வைத்துவிட்டு, இட்லிப்பூவைத் தொட்டியில் வளர்ப்பதே நல்ல திட்டம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளும் ஆடு மாடும் அண்டும் இடத்தில் அதை வைக்க வேண்டாம்.

இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிகிறது

இது தண்ணீரின் குற்றம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு, நீர் ஆவியானபின் மண்ணில் தங்கிவிடுகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள்; குழாய் நீரில் இருந்த உப்பெல்லாம் செறிவாகச் சேர்ந்தது அந்த நீர்தான். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். சலவை நீரில் சோடியம் இருப்பதால் அதையும் தொடர்ந்து பாய்ச்சக் கூடாது.

உப்பு ஏறிய தரைக்குத் தீர்வு, வடிகால் உள்ள நிலையில் நல்ல நீரை ஒரேயடியாக மிகுதியாகப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குவதுதான். பருவமழை அந்த வேலையைச் செலவில்லாமல் செய்துவிடும். அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்தி, இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். சருகு மூடாக்கு மூன்று அங்குலம் போட்டால் ஆவியாவது குறைந்து உப்பு மேலேறுவதும் குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும்.

கொழுகொழுவென்று தழைக்கிறது, காய்க்கவில்லை

தழைச்சத்து மிகுந்தால் இப்படி ஆகலாம். ஆனால் நகர மனைகளில் வெயிலின்மையே பெரும்பாலும் காரணம். கத்தரி, வெண்டை, தக்காளிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சென்னையில் நண்பகல் சூரியன் ஏப்ரல் 24 வாக்கில் தலைக்கு நேர்மேலே வந்து, அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் மீண்டும் தலைக்கு மேல் வந்து தெற்கே போய்விடுகிறது. டிசம்பர் கடைசியில் 20 அடி உயர வீட்டின் நிழல் நண்பகலில்கூட வடக்கே ஏறக்குறைய 15 அடிக்கு விழும். நீங்கள் வடபுறம் விட்ட இடமோ ஐந்தடிதான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஆடிப்பட்டத்தில் வடபுறப் பாத்தியில் விதைக்கும்போது அங்கே நல்ல வெயில் இருக்கிறது. நாற்று செழித்து எழும்புகிறது. பூக்கும் காலமான புரட்டாசியில் வெயில் அந்தப் பக்கத்தை விட்டே நீங்கிவிடுகிறது. உரத்தையும் விதையையும் குறைசொல்லிப் பயனில்லை. காய்கறிப் பாத்தியைத் தென்புறத்துக்கோ மொட்டைமாடிக்கோ மாற்றுங்கள். வடபுறத்தில் வெற்றிலைக்கொடி, கற்பூரவள்ளி, பெரணி ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். கிழக்கே மதியம்வரை வெயில் விழும் என்பதால் கீரைக்கு அது போதும். மேற்கு வெயில் சுவரைச் சுட்டு வீட்டுக்குள்ளும் இறங்குவதால், பந்தலிட்டுக் கோவைக்கொடியோ அவரையோ ஏற்றுவதற்கு அந்தப் பக்கமே பொருத்தம். புல்தரையும் வெயிலுக்குரியதே, கொரியன் புல் நிழலில் திட்டுத்திட்டாக அழிவதைப் பூச்சி என்று எண்ணி மருந்தடிக்க வேண்டாம்.

மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது

மண்ணில் ஈரம் இருந்தும் தக்காளியோ வெண்டையோ இப்படிச் செய்தால், ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி மணிமாலைபோல முடிச்சிட்டிருந்தால் அது நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் உள்ள நன்மை தரும் முண்டுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: அந்த முண்டுகளை நகத்தால் எளிதில் உருட்டி எடுத்துவிடலாம், நூற்புழு முடிச்சு வேரோடு ஒன்றியிருக்கும். பாதித்த செடிகளை வேரோடு அப்புறப்படுத்தி, கோடையில் மண்ணைக் கிளறிக் காயவிட்டு, வேப்பம்பிண்ணாக்கு இட்டு, அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள்.

மட்குக் குழி நாறுகிறது, அல்லது மட்கவே இல்லை

நாற்றம் என்றால் ஈரமும் சமையல் கழிவும் மிகுதி. சருகைச் சேர்த்துப் புரட்டுங்கள். மட்காமல் கிடந்தால் சருகு மிகுதி அல்லது ஈரம் குறைவு, சாணக்கரைசல் தெளியுங்கள். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு என்பது நடைமுறைக்குப் போதுமான கணக்கு. குழியில் கட்டைவிரல் பருமனில் வளைந்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டு, பக்கத்தில் தென்னையும் இருந்தால், அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கக்கூடும். பொறுக்கி அழித்துவிட்டு, மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலந்துவிடுங்கள்.

மரம் சுவரை நெருங்குகிறது

கன்றாக நட்டபோது தெரியாத அகலம் இது. தென்னைக்கு 25 அடி, ஒட்டு மாவுக்கு வழக்கமான நடவில் 30 அடி இடைவெளி சொல்லப்படுவது ஒரு கிரவுண்டு மனையில் எத்தனை மரம் கொள்ளும் என்பதை நேரடியாகவே சொல்லிவிடுகிறது. பெரிய மரம் ஒன்று போதும். மற்றவை எலுமிச்சை, கொய்யா, மாதுளை போன்று கவாத்துக்கு அடங்குபவையாக இருக்கட்டும். அரசு, ஆல், அத்தி இனங்கள் மனைக்குள் வேண்டவே வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் உறிஞ்சு குழியிலிருந்தும் எந்த மரமும் பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும். அதை மின்கம்பிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் அருகில் வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களில் குல்மொஹரும் இயல்வாகையும் நிறைய இருந்தன. நிழலுக்கென்று ஒரு மரம் வைப்பதானால் புங்கம், மகிழம், புன்னை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே நெருங்கிவிட்ட மரத்துக்கு, சுவர்ப்பக்க வேரை வெட்டுவதே பலர் கேட்கும் தீர்வு. ஒரு பக்கத்துப் பெருவேரை வெட்டிய மரம் அடுத்த புயலில் எதிர்ப்பக்கமாகச் சாயக்கூடும் என்பதால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. புயல் காலத்துக்கு முன், ஆவணிக்குள், உட்கிளைகளைக் கலைத்துக் காற்று புகுந்து போகும்படி செய்யுங்கள். தலையை மொட்டையாக வெட்டினால் அங்கிருந்து வரும் கிளைகள் பிடிப்பில்லாமல் முறியும். அடிமரத்தைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தரையையும் பேவர் கல்லையும் நான்கடி வட்டத்துக்கு எடுத்துவிட்டு மூடாக்குப் போடுங்கள். சுவரில் விரிசல் தொடங்கியிருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். மரத்தை அகற்றியே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், அதற்கு உரிய அனுமதியைப் பெற்றுக்கொண்டு, அதே வாரத்தில் சரியான இடத்தில் மாற்றுக்கன்று ஒன்றை நட்டுவிடுங்கள்.